அத்தர் பட்ட ராணி

அவள் என் துண்டில் ஏறி வந்தவள். குற்றாலத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, டீக்கடைப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் துண்டைப் போட்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். சாரல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத நேரம். மலை இருந்த இடத்தில் மலை இல்லை. வெள்ளையாக ஏதோ இறங்கி வந்து கடைக் கூரைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. கையில் சூடாக டீ, காது நிறைய அருவிச் சத்தம். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. துண்டை உதறப் போனபோது அதன் ஓரத்தில் ஒரு ராணி எறும்பு நடந்துகொண்டிருந்தாள். நல்ல கறுப்பு, எண்ணெய் தடவினாற்போல மினுமினுப்பு, தோளில் சிறகு உதிர்ந்த தழும்பு.

உதறிவிட்டுப் போகிற ஆள்தான் நான். பதினேழு வருடம் வளைகுடாவில் நான் பார்த்த வேலையே எறும்பையும் கரப்பானையும் கொல்வது. ஹோட்டல் சமையலறை, ஆஸ்பத்திரி, பெரிய மனிதர்களின் பங்களா என்று முதுகில் மருந்து டப்பாவோடு நான் ஏறி இறங்காத இடமில்லை. எறும்பு எந்த இடுக்கில் நுழையும், எந்தக் குழாயைப் பிடித்து மாடி ஏறும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ராணி செத்தால்தான் கூடு சாகும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஆனால் உயிரோடு ஒரு ராணியை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தனை வருடம் ஒருத்திக்குத் தேடித் தேடி மருந்து வைத்தவனுக்கு, அவளே வந்து துண்டில் ஏறினால் என்ன செய்யத் தோன்றும்? டீக்கடைக்காரரிடம் ஒரு காலிக் குப்பி வாங்கி அவளைப் பிடித்துப் போட்டுக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறினேன்.

அப்போது நான் முடித்துக்கொண்டு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருப்பவர்கள். லீவில் வருவது வேறு. விசாவை ரத்துசெய்து ஒரேயடியாக முடித்துக்கொண்டு வருவது வேறு. "முடிச்சிட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என் வீடு மட்டும் நம்பவில்லை. லீவில் வந்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்துகொண்டிருந்தது. ஷோகேஸிலிருந்து எடுத்த பூப்போட்ட பீங்கான் தட்டில் எனக்குச் சோறு; என் மனைவிக்கும் மகளுக்கும் நசுங்கின எவர்சில்வர் தட்டு. எனக்குப் புது விரிப்பு, எனக்குப் பொரித்த மீன், எனக்குக் காற்று வருகிற பக்கத்து நாற்காலி. யாரும் என்னோடு சண்டைகூடப் போடுவதில்லை. "வேணுமாங்க? போதுமாங்க?" அவ்வளவுதான் பேச்சு. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். யாரிடம் காட்ட? விருந்துக்கு வந்தவன் கோபப்பட்டால் நன்றாகவா இருக்கும்?

கம்பெனி மேனேஜர் புனலூர்க்காரர். நான் கிளம்பும்போதே, "ஓணம் வரெ நோக்காம்" என்று சொல்லியிருந்தார். ஓணம் வரைக்கும் என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார். அதற்குள் இந்த வீடு என்னைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டால் இருப்பது, இல்லையென்றால் பெட்டியைக் கட்டுவது என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வீட்டில் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.

ராணியைக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன். கல்லூரியில் இரண்டாம் வருடம் விலங்கியல் படிக்கிறாள். தாயோடு நாள் முழுக்கப் பேசுவாள். என்னைக் கண்டால் "ம்" என்பதோடு சரி. குப்பியை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இவரா பிடித்தார் என்கிற பார்வை. ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, அடியில் தண்ணீர் விட்டு, பஞ்சை வைத்து அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயிலும் பஞ்சு வைத்தாள். சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றினாள். எறும்புக்குச் சிவப்பு தெரியாதாம். இருட்டு என்று நினைத்துக்கொள்ளுமாம். ஒரு வாரத்தில் முட்டை இடும் என்றாள்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரமும் போயிற்று. முட்டையைக் காணோம். நல்ல ராணி இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். இவளோ பஞ்சுக்கும் பஞ்சுக்கும் நடையாய் நடந்தாள். வெளியே ஜன்னல் கம்பிகளில் சாரல் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். வெயிலும் மழையும் சேர்ந்தே அடிக்கிற மத்தியானங்களில் நான் அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புக்குள் அவள் போவதையும் வருவதையும் பார்த்தபடியே கண் அயர்ந்துவிடுவேன். கனவில் நீளமான தாழ்வாரங்கள் வரும். இரண்டு பக்கமும் கதவுகள், நடுவில் மருந்து டப்பாவோடு நான். எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருக்கிறவர்கள் மரியாதையாக நாற்காலி போடுவார்கள்.

மகள் ஒரு நாள் ராணியைப் பல கோணத்தில் படமெடுத்து, போனில் எறும்பு வளர்க்கிறவர்களின் குழு ஒன்றுக்கு அனுப்பினாள். மறுநாள் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவே எனக்கு ஒரு பெருநாள்.

"வாப்பா, இவ வயித்தப் பாருங்க. ஒட்டிப்போய்க் கெடக்குல்லா. சாதாரண ராணின்னா வயித்துல சேமிப்பு இருக்கும், அத வச்சு மொதப் புள்ளைய வளத்துருவா. இவளுக்கு அது கிடையாது. தல பெருசு, மேலு வழுவழுன்னு இருக்கு. இவ ஒட்டுண்ணி ராணியாம். தனியாக் குடும்பம் போட மாட்டா."

"பின்ன என்ன செய்வா?"

"வேற எறும்போட கூட்டுக்குள்ள புகுந்துருவா. அங்கன உள்ள எறும்பு ஒண்ணப் பிடிச்சு, அது மேல உரசி உரசி, அந்தக் கூட்டு வாசத்தத் தன் மேல பூசிக்கிடுவா. பொறவு அங்கன உள்ள ராணியக் கடிச்சுக் கொன்னுட்டு அந்த எடத்துல இருந்துக்கிடுவா. மத்த எறும்பெல்லாம் இவ முட்டையத் தங்களோட ராணி முட்டைன்னு நெனச்சு வளக்கும்."

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என் மனைவி மிதிப்பதை நிறுத்தினாள். தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள் அவள். "யா அல்லா, சரியான கள்ளியால்லா இருக்கா!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "இருக்க எடம் இல்லாதவ என்ன செய்வா? வாசல்லயே நின்னு சாவவா?" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். பிறகு மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒரு எறும்புக்காகவா இப்படிக் கத்தினேன் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அவளுக்கு என்ன பெயர் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. குழுவில் ஆளுக்கொரு பெயர் சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டார்கள். ஆனால் வளர்க்கிற வழியில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. வளர்ந்த கூட்டுக்குள் அவளை விட்டால் ஒன்று அவள் சாவாள், இல்லை உள்ளே இருக்கிற ராணி சாவாள். அதற்குப் பதிலாக, கட்டெறும்பின் கூட்டுப்புழுக்களை எடுத்து வந்து கொடுக்கலாம். பிறந்தவுடன் எறும்புக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. பக்கத்தில் எந்த ராணி இருக்கிறாளோ அவளே அதற்குத் தாய். எங்கள் கொல்லையில் செங்கல் அடுக்கின் கீழே ஒரு கட்டெறும்புக் கூடு இருந்தது. கரண்டியோடு போய்த் தோண்டினேன். கை முழுக்கக் கடி. ஆனாலும் இருபது இருபத்தைந்து கூட்டுப்புழு கிடைத்தது. ஊறப்போட்ட அரிசி மாதிரி வெளுப்பாக இருந்தது. அதைத்தான் ஊரில் எறும்பு முட்டை என்று சொல்கிறார்கள். உண்மையில் அது உறை; உள்ளே எறும்பு மடங்கிப் படுத்திருக்கும்.

அதில் ஒரு சிக்கல். அந்த உறையைக் கூட்டில் இருக்கிற மூத்த எறும்புகள்தான் கடித்துத் திறந்துவிட வேண்டும். இங்கே மூத்ததுக்கு எங்கே போவது? ஊசியால் நாம்தான் கீறிவிட வேண்டும் என்றாள் மகள். நான் உட்கார்ந்து முதல் உறையைக் கீறினேன். ஊசி ஆழமாக இறங்கியது. உள்ளே இருந்ததையும் சேர்த்துக் கீறிவிட்டேன். இரண்டாவதும் அப்படியே ஆனது. கொன்று பழகின கை, வேறெப்படி இருக்கும்? மூன்றாவதை எடுக்கும்போது என் மனைவி எழுந்து வந்தாள்.

"தள்ளுங்க அங்கிட்டு" என்றாள். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு, ஊசியைப் படுக்கைவசமாகப் பிடித்து, தப்பாகப் போட்ட தையலைப் பிரிக்கிற மாதிரி மேலோட்டமாக ஒரு இழை இழுத்தாள். உறை வாய் திறந்தது. உள்ளிருந்து பால் நிறத்தில் ஒரு எறும்பு, காலை ஒவ்வொன்றாக நீட்டி, தூக்கத்தில் எழுந்த குழந்தைபோல நின்றது.

அதை ராணியிடம் விட்டோம். மூன்று பேரும் குனிந்திருந்தோம். வெளியே மழை கொட்டுகிறது. ஓட்டில் விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ராணி வந்து அந்தக் குட்டி எறும்பை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, அதன் மேல் தன் உடம்பை மெல்ல மெல்லத் தேய்த்தாள். அது ஆடாமல் நின்றது. பிறகு தன் கொம்பால் அவள் முகத்தைத் தடவியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது அறை முழுக்க அந்தச் சிவப்புக் காகிதத்தின் நிறம் படிந்திருப்பதுபோல எனக்கு மயக்கமாக இருந்தது. என் தோளில் என் மனைவியின் தோள் சாய்ந்திருந்தது. அவள் கவனித்தாளோ என்னவோ, சட்டென்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

தினம் மத்தியானம் அவள் இரண்டு மூன்று உறையைத் திறந்துவிடுவாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணல் போட்டு, ஓரத்தில் ஏறி வராமலிருக்க முகப்பவுடரைத் தடவி, குழாயை அதற்குள் வைத்தோம். பதினைந்து பதினாறு எறும்புகள் ராணியைச் சுற்றி நின்று நக்கிவிடும், ஊட்டிவிடும். ராணியின் நடை நின்றுவிட்டது. வயிறு மெல்ல ஊதியது. மகள் இப்போது என்னிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினாள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் ஷோகேஸ் கதவு திறக்கும், பீங்கான் தட்டு வரும். ஓணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மாவுக்குக் குளித்து, வெள்ளைக் கைலி கட்டி, மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் அத்தர் தடவினேன். வளைகுடாவிலிருந்து நான் கொண்டுவருகிற அத்தர். வருடக்கணக்காக ஒரே வாசம்தான். தெருமுனையில் நான் வரும்போதே ஆள் வருகிறான் என்று தெரிந்துவிடும். அதில் எனக்கு ஒரு பெருமை. கிளம்புகிற நேரத்தில் டப்பாவைப் பார்த்தேன். தேன் பஞ்சு காய்ந்திருந்தது. திறந்து நனைத்து வைத்தேன். ராணி வெளியே வந்து என் விரலில் ஏறினாள். என்ன ஒரு சந்தோஷம் எனக்கு! மணிக்கட்டு வரைக்கும் நடக்கவிட்டு, கொஞ்சிவிட்டு, உள்ளே இறக்கிவிட்டு, பாங்கு சொல்கிற சத்தம் கேட்டதும் பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

தொழுதுவிட்டுத் திரும்பினால் வீட்டில் ஒரே அழுகை. மகள் டப்பாவுக்கு மேலே குனிந்து பெயின்ட் பிரஷ்ஷால் எதையோ பிரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை எறும்பும் ராணியின் காலுக்கு இரண்டு மூன்றாகப் பற்றி, நாலா பக்கமும் இழுத்து அவளை விரித்துப் பிடித்திருந்தன. காலையில் ஊட்டிவிட்ட அதே எறும்புகள். ஒரு பின்னங்கால் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"திடீர்னு கடிக்குது வாப்பா, எதுக்குன்னே தெரியல" என்றாள் மகள். குனிந்தவள் நிமிர்ந்து என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

"தொட்டியளா?" என்றாள் என் மனைவி.

"தேன் வைக்கத் தொறந்தேன். வெரல்ல ஏறுனா..."

அவ்வளவுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அறிவிருக்கா உமக்கு? மனுசன்தானா நீரு? இத்தன நாளு அந்த வாசத்துக்குள்ள ஒண்டி ஒண்டிக் கெடந்து ஒரு எடம் பிடிச்சா. ஒரு நிமிசத்துல அத்தரப் பூசி அந்நியமாக்கிப்புட்டீரே! எனக்கு இந்த வாசமே ஆகாது, தெரியுமா? நீரு பெட்டியத் தொறக்கயில இது வரும். நாப்பது நாளு வீடெல்லாம் கெடக்கும். நீரு போனப் பொறவு தலவாணில கொஞ்ச நாளு கெடக்கும். பொறவு அதும் போயிரும். எப்பப் போச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது, ஒரு நாளு மோந்து பாத்தா இருக்காது. இந்த எளவு வாசத்த வச்சுத்தான நான் இத்தன வருசமும் நாளக் கடத்துனேன்!"

"இத ஏன் இதுவரைக்கும் சொல்லல?" என்று கேட்டேன்.

"விருந்துக்கு வாறவுககிட்ட எதச் சொல்ல?" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். மிதிக்கவில்லை.

நான் கொல்லைக்குப் போய்க் குழாயடியில் நின்று சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மூன்று தடவை தேய்த்தும் மணிக்கட்டில் இருந்தது. பாத்திரம் விளக்குகிற நாரை எடுத்து, தோல் சிவக்கும்வரை தேய்த்தேன். அழுகையும் வந்தது, தண்ணீரோடு போயிற்று. சாயந்திரம் அசர் தொழுகைக்குப் போகும்போது அத்தர் குப்பியைக் கையோடு கொண்டுபோய், பாங்கு சொல்கிற மோதினாரிடம் கொடுத்தேன். "என்ன அண்ணாச்சி, புதுக் குப்பியாட்டம்லா இருக்கு" என்றார். பரவாயில்லை, வைத்துக்கொள்ளும் என்றேன்.

ராணியை வேறு குழாயில் தனியாக வைத்தோம். கூட்டிலிருந்த பழைய பஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி அவளோடு போட்டோம், அந்த வாசம் ஏறட்டும் என்று. நான்கு நாள் அதன் மேலேயே ஐந்து காலோடு படுத்துக் கிடந்தாள். அந்த நான்கு நாளும் சாரல் விடவில்லை. வீடே தண்ணீருக்குள் இருப்பதுபோல மங்கலாக இருந்தது. மிச்சம் இருந்தது ஆறு உறை. ஐந்தாம் நாள் என் மனைவி அவற்றைத் திறந்தாள். ஊசியை எடுக்குமுன் கையை மோந்து பார்த்துக்கொண்டாள். பிறகு என் கையையும் இழுத்து மோந்தாள். "ம்" என்றாள். புதுசாகப் பிறந்த ஆறும் ராணியைச் சுற்றிக்கொண்டன. பழைய எறும்புகளை ஒவ்வொன்றாக விட்டோம். முதலாவது வந்து கொம்பை நீட்டி, அவளை நெடுநேரம் தடவிப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்து ஊட்டியது. மகள் என் கையைப் பிடித்து இறுக்கினாள்.

ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலை, "இங்கேரும்! ஓடியாரும்!" என்று என் மனைவி கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ராணியின் காலடியில் நாலைந்து முட்டை, உப்புக்கல்லைவிடச் சின்னது. கட்டெறும்பு ஒன்று அவற்றைச் சேர்த்து வாயில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மேஜையில் என் போன் அடித்தது. புனலூர் மேனேஜர். பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"எடுத்துப் பேசும். போறேன்னு சொல்லத்தான?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த மூணாம் நாளே கொல்லையில நின்னு பேசுனீருல்லா, ஓணம் வரைக்கும் பாக்கேன்னு. காது கேக்காமலா இருக்கு எனக்கு?"

"அதுக்குத்தான் அந்தப் பீங்கான் தட்டா?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தது, கெஞ்சலாக வந்தது.

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அதுன்னா நீரு போனதும் ஷோகேஸ்ல வச்சுப் பூட்டிரலாம். எவர்சில்வர் தட்டுல உமக்குப் போட்டுப் பழகிட்டா, நீரு போனாலும் அது அடுக்களையிலதான கெடக்கும். நெதம் ரெண்டத் தேச்சுப்புட்டு, மூணாவதத் தேய்க்காம எடுத்து வைக்கணும்லா. என்னால முடியாது."

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் ஏதோ கேட்டார். என் காதில் விழவில்லை.

அன்று மத்தியானம் ஷோகேஸ் திறக்கவில்லை. விளிம்பு நசுங்கின எவர்சில்வர் தட்டில் பழைய சோறும் புளிச்சாறும் வந்தது. மீன் இல்லை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் கையைக் கழுவிக்கொண்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டு, ராணியைப் பார்க்க எழுந்தேன்.

"தின்ன தட்ட யாரு தேய்ப்பா? வேலைக்காரி வச்சிருக்கீரோ?" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

திரும்பிப் போய்த் தட்டை எடுத்தேன். தேய்த்து, அலசி, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.